மீசை முளைக்காத மூத்தவர்!

என் ஃபைலில் ஒரு சர்டிஃபிகேட் இருக்கிறது. 'ஏழு நாள் சிறப்பு முகாமில் முழுமையாகப் பங்கேற்றுச் சேவையாற்றினார்' என்று என் பெயர் போட்டிருக்கும். கீழே பச்சை மையில் கையெழுத்து, வட்டமாக ஒரு சீல். எல்லாம் ஒரிஜினல். அந்த 'ஏழு' மட்டும்தான் டூப்ளிகேட்!

நான் முகாமில் இருந்தது இரண்டே நாள். மிச்ச ஐந்து நாளும் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் மாடி போர்ஷனில் குடியிருந்த ஒரு அமெரிக்கப் பையன் எங்கள் தெருவில் சுண்ணாம்பு அடிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு!

அது 2008 ஜனவரி. நான் பி.காம். செகண்ட் இயர். என்.எஸ்.எஸ். பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-ம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பித்த திட்டம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை, நடுவே ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் தாரக மந்திரம். எங்கள் செட்டில் அது 'சேவைக்காக அல்ல, சர்டிஃபிகேட்டுக்காக' என்று மாறியிருந்தது.

தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு கிராமம். 7-ம் தேதி திங்கட்கிழமை காலையில் தொடக்க விழா. மரக்கன்று நட்டோம், போட்டோ எடுத்தோம், தக்காளி சாதம் சாப்பிட்டோம். மதியம் மூன்று பேர் ஆளுக்கொரு காரணம் சொல்லி டவுன் பஸ் ஏறிவிட்டோம். "கடைசி நாள் மட்டும் கரெக்டா வந்துடுங்கப்பா" என்றார் சார். அவரும் எத்தனை பேரைத்தான் கட்டிப் போடுவார்? வீட்டில், "ஃபர்ஸ்ட் நாளும் லாஸ்ட் நாளும்தாம்மா கேம்ப்" என்று அடித்துவிட்டேன். அம்மா நம்பிவிட்டார்.

கேட்டைத் திறந்தால், துவைக்கிற கல்லில் வெள்ளைச் சட்டைகளை அடித்துத் துவைத்துக்கொண்டு இருந்தார்கள் எங்கள் மாடிக்காரர்கள்.

2007 தீபாவளி முடிந்து குடிவந்தவர்கள். ஒருவன் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம். இன்னொருவன் ஆந்திரா. இருவருக்கும் வயசு இருபது. தினமும் வெள்ளைச் சட்டை, டை, பாலிஷ் போட்ட ஷூ, பாக்கெட்டில் கறுப்பு பேட்ஜ். அதில் 'எல்டர்' என்று போட்டு குடும்பப் பெயர். 'எல்டர்' என்றால் மூத்தவர் என்று நான் சொன்னதும் எங்கள் அம்மாயி சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "மீசையே மொளைக்கலை, இவன் மூத்தவனாமா!"

அவர்கள் மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள். அங்கே பையன்கள் பத்தொன்பது வயசானதும் படிப்பை நிறுத்திவைத்துவிட்டு, சபை அனுப்புகிற ஊருக்கு இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். (2012-ல் அந்த வயசைப் பதினெட்டாகக் குறைத்தார்கள்.) எந்த ஊர் என்று கேட்கிற உரிமை கிடையாது. லெட்டர் வரும், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இவனுக்குப் பெங்களூரைத் தலைமையாகக் கொண்ட மிஷன் விழுந்து, அங்கிருந்து கோயமுத்தூர். சம்பளம் எவ்வளவு என்று அப்பா கேட்டார். "நான்தான் மாசம் நானூறு டாலர் கட்டறேன்" என்றான். அன்றைய ரேட்டில் பதினாறாயிரம் ரூபாய் பக்கம். அப்பா அதற்கப்புறம் அவனை ஒரு மாதிரிதான் பார்த்தார்!

காலை ஆறரைக்கு எழ வேண்டும். பத்தரைக்கு லைட் ஆஃப். சினிமா, டி.வி., கேர்ள் ஃப்ரெண்ட் எதுவும் கிடையாது. ஜோடியை விட்டு ஒருவன் தனியாக எங்கும் போகக்கூடாது. வீட்டுக்குப் போன், வருஷத்தில் இரண்டே தடவை. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை, துணி துவைக்கவும் வீட்டுக்கு ஈமெயில் அனுப்பவும்.

இதெல்லாம் அம்மாயிக்குப் பிரச்னை இல்லை. அவரைக் காயப்படுத்தியது காபிதான். குடிவந்த அன்றைக்கு டிகாக்‌ஷன் காபி ஆற்றிக் கொடுத்தால், இருவரும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார்கள். காபி, டீ, சிகரெட், மது நாலும் அவர்களுக்கு ஆகாது. 1833-ல் இருந்து வருகிற கட்டுப்பாடு என்றான். "ஏங்கண்ணு, காப்பித்தண்ணி குடிக்காத ஒறம்பரைக்கு நான் என்னத்தைக் குடுக்கறது?" என்று அம்மாயி ஒரு வாரம் புலம்பினார். அப்புறம் அவரே கண்டுபிடித்தது, சுக்குமல்லி காபி. 'காபி' என்று காதில் விழுந்ததுமே பையன்கள் பின்வாங்கினார்கள். "பேர்லதான் காபி. உள்ளே சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும்தான்" என்று நான் சத்தியம் செய்த பிறகு ஒரு வாய் குடித்தான். மறுவாரம் அவனே டம்ளரோடு இறங்கி வந்தான்!

திங்கட்கிழமை சாயங்காலம் ஆர்குட் பார்க்க பிரவுசிங் சென்டர் போனேன். பக்கத்து கேபினில் அவன். ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டு இருந்தான், விரல் கீபோர்டில் இல்லை. "என்ன, சிஸ்டம் ஹேங்கா?" என்றேன். நிமிர்ந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டினான். எனக்கு ஸ்க்ராப் பார்க்கிற அவசரம். விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை சுண்ணாம்பு வேலை ஆரம்பித்தது. எங்கள் தெருக்கோடி லைன் வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். வீட்டுக்காரர் மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு ரொம்ப வருஷம் இருக்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிற வீடு, ரெண்டு வருஷமாகச் சுவர் பொரிந்து கிடந்தது. இவர்கள் அந்த வழியாகப் போகும்போது பாட்டி கையை ஆட்டி, சுவரைக் காட்டி, ஏதோ சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். டையைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் ஆஜர். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்று, சும்மா இருந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

சுண்ணாம்புக் கல்லை டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பொங்கிக் கொதிக்குமே, அதை அவன் பார்த்ததே இல்லை. கொதிப்பு அடங்கி வடிகட்டி, நீலம் கலந்து, மட்டையை எடுத்துக் கொடுத்தேன். "கையில பட்டா பொத்துப்போயிடும், தேங்காயெண்ணெய் தடவிக்கச் சொல்லு சாமி" என்றார் பாட்டி. சொன்னேன். தடவிக்கொண்டு ஏணியில் ஏறினான். நான் கீழே திண்ணையில் உட்கார்ந்தேன்.

ஒரு ஆச்சர்யம், அவனுக்கு உடம்பு வேலை பழக்கம். ஐடஹோ உருளைக்கிழங்குக்குப் பேர் போன ஊர். அவன் படித்த பக்கத்தில் அறுவடைக்கென்றே பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்களாம். மாணவர்கள் எல்லாம் வயலில் நிற்பார்களாம். "சின்ன வயசில் இருந்து பாட்டியோட வயல்லதான் வேலை பார்த்தேன்" என்றான். "பாட்டி" என்றதும் கொஞ்சம் நிறுத்தினான். நான் அதைக் கவனித்தேன் என்று இப்போது சொன்னால் பொய். அப்போது கவனிக்கவில்லை.

தெருவில் பேச்சு கிளம்பாமல் இருக்குமா? 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புக்கு அப்புறம், மதம் என்று யாராவது ஆரம்பித்தாலே கோயமுத்தூரில் குரல் தானாக இறங்கிவிடும். 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததும், 2004-ல் அதை வாபஸ் வாங்கியதும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. எதிர்வீட்டு அங்கிள் வண்டியை நிறுத்தி, "தம்பி, இன்னிக்கு சுண்ணாம்பு அடிப்பாங்க, நாளைக்கு ஞானஸ்நானம் குடுப்பாங்க, பார்த்துக்க" என்றார். அடுத்த தெரு சர்ச்சுக்குப் போகிற டீச்சரோ, "அவங்க எங்க ஆளுங்களே இல்லப்பா, அது வேற" என்றார். இரண்டு பக்கமும் சந்தேகம்!

அதை அப்படியே அவனிடம் கேட்டுவிட்டேன். அவன் கோபப்படவில்லை. "என் கடவுளைப் பத்திச் சொல்லத்தான் வந்திருக்கேன். யாராவது கேட்டா சொல்வேன். இந்தப் பாட்டி கேட்டது சுண்ணாம்பு" என்றான். எங்கள் வீட்டிலும் ஒரு தடவை புத்தகத்தை நீட்டினான். அப்பா கும்பிட்டு, "எங்க சாமி எங்களுக்குப் போதும் தம்பி" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுத்ததில்லை. வாடகை மட்டும் ஒண்ணாம் தேதி டாண் என்று வரும்.

புதன்கிழமை அவன் சாப்பிட இறங்கவே இல்லை. ஏணியிலேயே நின்று அடித்த சுவரையே திரும்ப அடித்துக்கொண்டு இருந்தான். ஆந்திராக்காரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். திங்கட்கிழமை வந்த மெயில், அவன் பாட்டி இறந்த செய்தி. அவனை வளர்த்ததே அவர்தான். இன்றைக்கு அடக்கம். அங்கே காலை பதினொன்று, இங்கே ராத்திரி பதினொன்றரை. "போகலையா?" என்றேன். "ஊழியத்துல இருக்கும்போது பெரும்பாலும் யாரும் போக மாட்டோம். அவனும் இருக்கேன்னு சொல்லிட்டான்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவுக்கு ஆத்திரமே வந்துவிட்டது. "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகோணும்னு சொல்வாங்க. வளர்த்த பாட்டி செத்ததுக்குப் போகாம, இங்க வந்து யார் வீட்டுச் சுவத்துக்கோ சுண்ணாம்பு அடிக்கிறானா? இது என்னடா சேவை?" அப்பா, "அவங்க ரூல்ஸ் அப்படி" என்றார். "என்ன பெரிய ரூல்ஸு!" என்று அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தார். எனக்கும் அம்மா சொன்னதுதான் சரி என்று பட்டது. எங்கள் ஊரில் ஒரு சாவுக்குப் போகவில்லை என்றால் பத்து வருஷம் பேச்சு வார்த்தை இருக்காது. அம்மாயி மட்டும் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை இடித்துக்கொண்டு இருந்தார்.

ராத்திரி பதினொன்றேகால் இருக்கும். அம்மாயி என்னை உலுக்கி எழுப்பினார். "மேல வா கண்ணு, பேசறதுக்கு ஆள் வேணும்." கையில் ஒரு தூக்குப்போசி. முழங்கால் வலியில் ரெண்டு வருஷமாக மாடிப்படியே ஏறாதவர், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்.

மொட்டை மாடியில் இருவரும் நின்றுகொண்டு இருந்தார்கள். அந்த நேரத்துக்கு வெள்ளைச் சட்டை, டை, பேட்ஜ், ஷூ எல்லாம் போட்டு. தை பிறக்கப் போகிற பனி. அங்கே அடக்கம் நடக்கிற நேரத்துக்கு இங்கே இவன் டிரெஸ் பண்ணிக்கொண்டு நிற்கிறான். ஆந்திராக்காரன் துணைக்கு நிற்கிறான்.

அம்மாயி தரையில் உட்கார்ந்தார். அவனையும் உட்காரச் சொன்னார். "உங்க அம்மாயி பேர் என்ன கண்ணு?" என்று கேட்டார். நான் இங்கிலீஷில் சொன்னேன். அவன் பேரைச் சொன்னான். அம்மாயி அதை வாய்க்கு வந்தபடி திருப்பிச் சொன்னார். "என்ன வயசு? என்ன பண்ணுச்சு? கடைசியா எப்பப் பார்த்தே?" எங்கள் பக்கத்தில் துக்கம் விசாரிக்கிறவர்கள் கேட்கிற அதே கேள்விகள், அதே வரிசையில். மூணாவது கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை. முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அம்மாயி அவன் தலையில் கை வைத்தார். நான் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு தூக்குப்போசியைத் திறந்து சுக்குமல்லி ஊற்றிக் கொடுத்தார். "கெட்டது நடந்த வீட்ல அடுப்பு எரியக்கூடாது. பக்கத்து வீட்டுல இருந்துதான் வரோணும், அதான் மொறை" என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். குடித்தான்.

எழுந்தபோது நான் வழக்கம்போல "சரி, வர்றோம்" என்று ஆரம்பித்தேன். அம்மாயி என் தொடையில் கிள்ளினார். துக்க வீட்டில் இருந்து கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக்கூடாது. பேசாமல் இறங்கினோம். பாதிப் படியில் நின்று, "அம்மா திட்டுனா திட்டட்டும். அவனால போக முடியலை. நம்மளால மேல ஏற முடியும்ல" என்றார்.

வியாழன், வெள்ளி நான் திண்ணையில் உட்காரவில்லை. மட்டையை வாங்கி நானும் அடித்தேன். கை பொத்துப்போனது. சனிக்கிழமை கீழே காவி பார்டர் போட்டு முடித்தோம். பாட்டி மூணு பேருக்கும் அரிசிம்பருப்பு சாதமும் கெட்டித் தயிரும் போட்டார். எதிர்வீட்டு அங்கிள் வண்டியை மெதுவாக ஓட்டி, சுவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வழிபாட்டு நாள். எனக்கு நிறைவு விழா. போனேன், கை தட்டினேன், சர்டிஃபிகேட் வாங்கினேன். ஐந்து நாள் உண்மையாகவே அங்கே இருந்து கழிவுநீர்க் குழி வெட்டிய பசங்களுக்கும் அதே சர்டிஃபிகேட்தான். அவர்கள் கையைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். இரண்டிலும் கொப்புளம். ஆனால், என் கொப்புளம் அந்தக் கிராமத்தில் வந்தது இல்லை.

சாயங்காலம் அப்பா அதை எடுத்து மாடிப் பசங்களிடம் காட்டினார். "பாருங்க, ரெண்டு நாள் போனதுக்கு ஏழு நாள்னு குடுத்திருக்காங்க!" எல்லோரும் சிரித்தோம். அம்மா, நான், அப்பா எல்லோரும். அவன் மட்டும் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காப்புக்கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி, அம்மாயி சொன்ன இடத்தில் எல்லாம் செருகிக்கொண்டு இருந்தேன். தெரு முழுக்க 'பீமா' ரிலீஸ் பேச்சு. பிரவுசிங் சென்டரில் இருந்து அவன் திரும்பி வந்தான். ஏன் என்று தெரியவில்லை, அவனைப் பிடித்து நிறுத்தி, "அந்த சர்டிஃபிகேட் பொய்" என்றேன். "தெரியும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் இன்னிக்கு வீட்டுக்கு 'நல்லா இருக்கேன்'னு எழுதியிருக்கேன். அதுவும் முழுசா உண்மை இல்லை" என்றான். அப்புறம் அந்தக் கொத்தைக் கையில் வாங்கி, "இது எதுக்கு?" என்று கேட்டான்.

அந்த மாசக் கடைசியில், 27-ம் தேதி, அவர்கள் சபையின் தலைவர் கார்டன் ஹிங்க்லி 97 வயசில் இறந்துபோனார். அப்போதுதான் ஆந்திராக்காரன் ஒரு பழைய கதை சொன்னான். எங்கள் கோயமுத்தூரில் சிமென்ட் கம்பெனி கணக்கராக இருந்த எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர், கையில் கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு, அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்து, 1965-ல் ஞானஸ்நானம் பெற்றாராம். அவரைப் பார்க்க 1960-களில் கோவைக்கே வந்தவர் இந்த ஹிங்க்லி. நான் பின்னாளில் தேடிப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அதற்கும் நூறு வருஷம் முன்னால், 1853-ல், மூன்று மார்மன்கள் கப்பலில் சென்னைக்கு வந்திருக்கிறார்கள். அதில் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் ஒரு வருஷம் அலைந்து, உடம்பு கெட்டு, 1854-ல் திரும்பிப் போனார். சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பாதிரியார் புதுசு இல்லை. லண்டன் மிஷனின் அடிஸ் கோவை வந்தது 1830-லேயே. மார்மன் சபை ஆரம்பித்ததும் அதே வருஷம்தான்!

பிப்ரவரியில் அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கிளம்பும்போது அம்மாயி காலைத் தொட்டுக் கும்பிட்டான். அதற்குப் பிறகு தொடர்பு இல்லை. நான் அவன் மதத்தில் சேரவில்லை, அவன் என்னைக் கூப்பிடவும் இல்லை. பாட்டி சாவுக்குப் போகாதது சரியா என்று கேட்டால், எனக்கு இன்றைக்கும் அம்மா சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால், ராத்திரி பதினொன்றரைக்கு டை கட்டிக்கொண்டு நின்ற அவனைத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

ஃபைனல் இயரில் நான் மறுபடி முகாமுக்குப் போனேன். கேட்காமலே போனேன். ஏழு நாளும் இருந்தேன். மூணாம் நாள் வயிற்றைக் கலக்கியது, ஐந்தாம் நாள் ஓடிவிடலாம் என்றுகூட இருந்தது. அந்த சர்டிஃபிகேட்டும் ஃபைலில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

2019 பிப்ரவரியில் ஒரு செய்தி படித்தேன். மார்மன் ஊழியர்கள் இனி வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போன் பேசலாம் என்று சபை அனுமதி கொடுத்துவிட்டதாம். அம்மாயி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்று சொல்லியிருப்பார்.